பெரியவர்களுக்கான டயாப்பர்: இஞ்ச் டேப்போடு ஒரு தையல்காரி

பாளையங்கோட்டை குலவணிகர்புரத்தில் வீட்டு முன்னறையில் மெஷின் போட்டு 22 வருடமாகத் தைக்கிறேன். ஜாக்கெட், சுடிதார், பள்ளிக்கூட யூனிஃபார்ம். ஒரு துணி உடம்பில் எங்கே பிடிக்கும், எங்கே தொங்கும் என்று பார்த்த உடனே சொல்லிவிடுவேன். ஆனால் என் மாமனாருக்கு முதன்முதலில் டயாப்பர் வாங்கப் போன அன்று அந்தப் புத்தி எங்கே போனதோ தெரியவில்லை. மெடிக்கல் கடைப் பையன் "ஆளு பெரிய ஆளா?" என்று கேட்டான். "ஆமா" என்றேன். "அண்ணே, பெரியாளு டயாப்பரு எக்ஸ்எல் எடுங்க" என்று உள்ளே பார்த்துக் கத்தினான். கடையில் நின்ற ஏழெட்டுப் பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அளவைப் பற்றிக் கேட்க எனக்கு அப்போது வாய் வரவில்லை. பாக்கெட்டை வாங்கிக்கொண்டு ஓடி வந்துவிட்டேன்.

மாமா நல்ல உயரம். அரசு பஸ்ஸுக்குக் கட்டபொம்மன் பேர் இருந்த காலத்தில் இருந்து திருநெல்வேலி - பாபநாசம் ரூட்டில் பஸ் ஓட்டியவர். உயரம்தானே ஒழிய இடுப்பு 34 இஞ்சுதான். எக்ஸ்எல் அவருக்குச் சாக்கு மாதிரி இருந்தது. தொடைப் பக்கம் இரண்டு விரல் போகும் அளவுக்குச் சந்து. அன்று ராத்திரியே பத்தமடைப் பாய், மெத்தை, அவருடைய சாரம் (லுங்கி) எல்லாம் நனைந்துவிட்டது. ஈரம் குடித்த கோரைப் பாயில் இருந்து வாடை போகாது என்பதை அந்த வாரம் தெரிந்துகொண்டேன். பாயை மொட்டை மாடியில் நாலு நாள் போட்டும் பிரயோசனமில்லை.

அவருக்குப் பக்கவாதம் வந்து இடது கையும் காலும் விழுந்த பிறகு இது 14-வது மாதம். பேச்சு நன்றாக இருக்கிறது. பிடித்துக்கொண்டு பத்தடி நடப்பார். ஒண்ணுக்கு வருவது தெரியும், ஆனால் வந்தால் அடக்க முடியாது. எழுந்து கக்கூஸ் வாசல் போவதற்குள் போய்விடும். இந்தப் 14 மாதத்தில் என்னென்ன வாங்கினோம், எது தேறியது, எது காசுக்குக் கேடு என்று எழுதுகிறேன். பிளவுஸ் அளவு கொடுக்க வருகிற அக்காமார் இரண்டு மூன்று பேர் தாழ்ந்த குரலில் இதையே கேட்டுவிட்டார்கள். ஒவ்வொருவருக்கும் தனியாகச் சொல்லி மாளவில்லை.

ஹைகிரவுண்டில் பெரிய ஆஸ்பத்திரிக்கு எதிரே வரிசையாக மெடிக்கல், லேப் என்று இருக்கும். அதில் மாடிப்படிக்குக் கீழே ஒடுங்கலாக ஒரு சர்ஜிக்கல் கடை. மெத்தை நனைந்த மறுநாள் என் வீட்டுக்காரர் அங்கே கூட்டிப் போனார். கடை அண்ணாச்சிக்கு அறுபது வயது இருக்கும். எடுத்த எடுப்பில் பாக்கெட்டைத் தூக்கி வைக்கவில்லை. "ஆளு நடப்பாரா, படுக்கையா? ஒண்ணுக்கு மட்டுமா, ரெண்டுக்குமா? ராத்திரி எத்தன தடவ? இடுப்பு எத்தன இஞ்சு?" என்று வரிசையாகக் கேட்டார். கடைசிக் கேள்விக்குத்தான் எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. கழுத்தில் இஞ்ச் டேப்போடு திரிகிறவள் அளவெடுக்காமல் வந்திருக்கிறேன்!

அளவு எடுப்பது இப்படி: தொப்புளுக்கு நேராக இடுப்பு ஒரு சுற்று, புட்டத்தின் மேல் ஒரு சுற்று. இரண்டில் எது கூடுதலோ அதுதான் கணக்கு. மாமாவுக்கு 34, 37. பாக்கெட்டின் பின்பக்கம் இஞ்ச் போட்டிருப்பார்கள், அதைத்தான் பார்க்க வேண்டும். எம், எல் என்ற எழுத்தை நம்பினால் ஏமாந்தோம். ரெடிமேட் சட்டை மாதிரிதான் இதுவும், ஒரு கம்பெனி எம் இன்னொரு கம்பெனி எல்லுக்குச் சமமாக இருக்கும். பெரிசாக வாங்கினால் கூடுதலாகப் பிடிக்கும் என்று நினைப்பது சுத்தத் தப்பு. சந்து இருந்தால் எவ்வளவு பஞ்சு இருந்தும் ஒழுகத்தான் செய்யும்.

அண்ணாச்சி முழுப் பாக்கெட்டாக இல்லாமல் உதிரியாக ஒன்று, இரண்டு கொடுத்தார். இதுதான் அந்தக் கடையின் பெரிய குணம். பத்து உருப்படி பாக்கெட்டை நானூறு ரூபாய்க்கு வாங்கி, அளவு சரியில்லை என்று மூலையில் போடுகிற செலவு மிச்சம். டேப் வைத்தது ஒன்று, ஜட்டி மாதிரி மாட்டுகிற பேண்ட் மாடல் ஒன்று கொடுத்து, போட்டுப் பார்த்துவிட்டு வரச் சொன்னார். செய்தித்தாளில் சுற்றி, நூல் போட்டுக் கட்டி, மஞ்சப்பையில் வைத்துத் தந்தார். பலசரக்கு வாங்கி வருகிற மாதிரி வந்தேன்.

இப்போது என் தொழில் கண்ணால் சொல்கிறேன். டேப் மாடல் படுக்கையில் இருப்பவர்களுக்கு. ஆளைத் தூக்க வேண்டாம், ஒருக்களித்துப் படுக்க வைத்து, பாதி சுருட்டி முதுகுக்கு அடியில் தள்ளி, மறுபக்கம் புரட்டி இழுத்துவிடலாம். கீழ் டேப்பை முதலில், கொஞ்சம் மேல்நோக்கி ஒட்ட வேண்டும். மேல் டேப்பைக் கொஞ்சம் கீழ்நோக்கி. ஜாக்கெட்டில் டார்ட் பிடிக்கிற மாதிரிதான், அப்போதுதான் தொடையில் கச்சிதமாக உட்காரும். முதல் வாரம் நான் நாலு டேப்பையும் நேராக ஒட்டி இடுப்பை இறுக்கிக்கொண்டிருந்தேன். இடுப்பில் தடம் விழுந்தது, தொடையில் ஒழுகியது.

அப்புறம் உள்பக்கம் தொடை ஓரத்தில் ஃபிரில் மாதிரி இரண்டாவது எலாஸ்டிக் ஒன்று நிற்கும். பாதிப் பேர் அதைக் கவனிப்பதே இல்லை. போட்ட பிறகு விரலை விட்டு அதை வெளிப்பக்கமாக நிமிர்த்திவிட வேண்டும். மடங்கி உள்ளே கிடந்தால் அந்த டயாப்பர் இருந்தும் இல்லாததும் ஒன்றுதான். ஆண்களுக்கு இன்னொரு விஷயம், உறுப்பு கீழே பார்த்து இருக்க வேண்டும். மேலே பார்த்திருந்தால் வயிற்றுப் பக்கம் வழிந்துவிடும். இதை அண்ணாச்சி என்னிடம் சொல்லவில்லை, என் வீட்டுக்காரரைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார்.

எங்களுக்கு ஒத்து வந்தது பேண்ட் மாடல். காரணத்தை ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன். காலையிலும் ராத்திரியும் என் வீட்டுக்காரர் மாற்றிவிடுவார். மத்தியானம் வீட்டில் நான் மட்டும்தான். மாமனாருக்கு மருமகள் மாற்றுவது என்பது எங்கள் இரண்டு பேருக்குமே சங்கடம். "தாயி, நீ அந்தப் பக்கம் போ. எனக்கு ஒண்ணும் நனையல" என்று நனைந்ததோடு மூன்று மணி நேரம் உட்கார்ந்திருப்பார். பேண்ட் வந்த பிறகு, ஜன்னல் கம்பியில் சாய்ந்து நின்று, நல்ல கையால் தானே ஏற்றிக்கொள்ளப் பழகிவிட்டார். கால் நுழைப்பதற்கு மட்டும் நான் தரையில் விரித்து வைப்பேன். கழற்றும்போது இரண்டு பக்கத் தையலையும் கிழித்துவிட்டால் போதும். அதைக் கத்தரியால் வெட்டாதீர்கள், கையாலேயே கிழியும்படிதான் ஒட்டியிருக்கிறார்கள்.

எவ்வளவு பிடிக்கிறது என்று ஒரு நாள் சோதித்தே பார்த்தேன். முதலில் பச்சைத் தண்ணீர் ஊற்றினேன், குடித்துக்கொண்டே இருந்தது, பிரமாதம் என்று நினைத்தேன். அப்புறம் ஒரு லிட்டருக்கு ஒன்றரை டீஸ்பூன் உப்புப் போட்டுக் கரைத்து இன்னொன்றில் ஊற்றினேன். அதில் பாதி கூடக் குடிக்கவில்லை. மூன்றாவது டம்ளரிலேயே கையால் அழுத்தினால் மேலே ஈரம் வந்துவிட்டது. பிரித்துப் பார்த்தால் உள்ளே வெந்த ஜவ்வரிசி மாதிரி குண்டு குண்டாக ஒரு பசை. ஈரத்தைக் குடித்து இப்படிப் பசையாகிற பொடிதான் உள்ளே இருப்பது. அந்தப் பொடிக்கு உப்பு ஆகாது, மூத்திரத்தில் உப்பு உண்டு. போதாக்குறைக்கு மேலே ஆள் வேறு உட்கார்ந்திருக்கிறார். ஆகவே பாக்கெட்டில் போட்டிருக்கிற மணிக்கணக்கை அப்படியே நம்பி ராத்திரி முழுக்க விட்டுவிடாதீர்கள். பகலில் நாலைந்து மணி நேரத்துக்கு ஒரு தரம், மலம் பட்டால் அந்த நிமிடமே மாற்றிவிட வேண்டும். (துணி வெட்டுகிற கத்தரியால் டயாப்பரை வெட்டினேன் என்று வீட்டில் அன்று சாப்பாடே இறங்கவில்லை.)

இவ்வளவு சொன்னாலும், அந்தக் கடையில் வாங்கியதில் முதல் மார்க் டயாப்பருக்கு இல்லை. 90 ரூபாய் பிளாஸ்டிக் யூரின் கேனுக்குத்தான். மூடி போட்டது, கட்டில் கம்பியில் கொக்கி போட்டு மாட்டலாம். இதை முதல் நாளே யாராவது சொல்லியிருந்தால் இரண்டு மாத டயாப்பர் காசு மிச்சம். அடக்க முடியவில்லை என்றால், அது வருவதற்கு முன்னால் நாம் போய்விட வேண்டும், அவ்வளவுதான் சூத்திரம். இரண்டு மணி நேரத்துக்கு ஒரு தரம், வந்தாலும் வராவிட்டாலும் கேனைப் பிடிக்க வேண்டும். மாமா முதலில் முரண்டு பிடித்தார். "வரலைன்னா எதுக்கும்மா?" என்று கேட்பார். என் வீட்டுக்காரர் ஒரு அட்டையில் காலை 6.00, 8.00, 10.00 என்று எழுதிச் சுவரில் மாட்டிவிட்டார். மாமா அதைக் கண்ணாடி போட்டுப் படித்தார். "டைமிங் போட்டாச்சா? அப்ப சரி" என்றார். முப்பது வருடம் டைமிங்குக்கு வண்டி எடுத்த மனுஷன். இப்போது நான் தையலில் மறந்தால் அவரே, "சேரன்மகாதேவி வந்தாச்சு, தாயி" என்று குரல் கொடுக்கிறார். பாபநாசம் ரூட்டில் அவர் வழக்கமாக வண்டியை நிறுத்தி இறங்குகிற இடம் அது. பகலில் ஐந்து டயாப்பர் போன இடத்தில் இப்போது இரண்டு போகிறது, சில நாள் ஒன்றே போதும்.

டாக்டரிடம் மாத்திரை நேரத்தையும் கேளுங்கள். மாமாவுக்குக் கால் வீக்கத்துக்கு நீர் பிரிக்கிற மாத்திரை உண்டு. அதைச் சாயங்காலம் கொடுத்துக்கொண்டிருந்தோம், ராத்திரி முழுக்க மழைதான். டாக்டர் காலைக்கு மாற்றினார். ஆறு மணிக்கு மேல் காப்பியை நிறுத்தினோம். ஆனால் ஒழுகுகிறதே என்று தண்ணீரையே குறைத்துவிடாதீர்கள். நானும் அந்தத் தப்பைச் செய்தேன். மூத்திரம் மஞ்சளாகக் கட்டிப்பட்டு, கடுப்பு வந்து, காய்ச்சலில் ஆள் யார் எவர் என்று தெரியாமல் பேச ஆரம்பித்துவிட்டார். கிருமித் தொற்று. மாத்திரையில் சரியானது. திடீரென்று ஒரு வாரத்தில் நிலைமை மோசமானால் கூடுதல் டயாப்பர் வாங்கப் போகாமல் மூத்திரப் பரிசோதனைக்குப் போங்கள்.

காண்டம் கத்தீட்டர் என்று ஒன்றும் வாங்கினோம். உறை மாதிரி மாட்டி, குழாய் வழியாகப் பையில் விழும். அண்ணாச்சி விருப்பமில்லாமல்தான் கொடுத்தார், நான்தான் கேட்டு வாங்கினேன். அதிலும் அளவு பார்த்துத்தான் வாங்க வேண்டும். எங்களுக்கு இரண்டு நாள்கூடத் தாங்கவில்லை. ஒன்று கழன்றது, இன்னொன்றில் தோல் புண்ணானது. ஒத்துவருகிறவர்களுக்கு வரும், எங்கள் வீட்டில் அது பரணில்.

மலத்தின் கதைதான் பெரிய கதை. நாலாவது மாதம் மாமாவுக்கு ஒரு நாளைக்கு ஆறேழு தடவை தண்ணியாகக் கசிய ஆரம்பித்தது. பேதி என்று நினைத்தேன். கஞ்சி, மோர், உப்புச் சர்க்கரைத் தண்ணீர் என்று கொடுத்துக்கொண்டு, பேதி நிற்கிற மாத்திரை வாங்கிவரச் சொல்லிவிட்டேன். நல்ல வேளை, அதற்கு முன்னால் மக்களைத் தேடி மருத்துவத்தில் வருகிற நர்ஸ் அம்மா வந்துவிட்டார். 2021 ஆகஸ்டில் ஆரம்பித்த அரசுத் திட்டம் அது. பிரஷர், சுகர் மாத்திரையோடு, படுக்கையில் இருப்பவர்களை வீட்டுக்கே வந்து பார்ப்பதும் அதில் உண்டு. வயிற்றை அமுக்கிப் பார்த்துவிட்டு, "இது பேதி இல்லம்மா. உள்ள கல்லு மாதிரி இறுகிப் போய்க் கெடக்கு. அதச் சுத்தித் தண்ணி மட்டும் கசியுது" என்றார். மலச்சிக்கல்தான் பேதி வேஷம் போட்டு வந்திருக்கிறது! அந்த மாத்திரையைக் கொடுத்திருந்தால் இன்னும் அடைத்திருக்கும். டாக்டர் எழுதிக் கொடுத்து எனிமா வைத்ததும், கசிவு நின்றது. இதில் இன்னொரு ஆச்சரியம், ஒண்ணுக்குப் போவதும் குறைந்தது. இறுகின மலம் மூத்திரப்பையை இடித்துக்கொண்டு இருந்திருக்கிறது.

அதற்குப் பிறகு காலையில் இட்லி சாப்பிட்டு இருபது நிமிடத்தில் கமோடு நாற்காலியில் உட்கார வைத்துவிடுவோம். சாப்பாடு உள்ளே போனதும் குடல் அசையும், அந்த நேரத்தை விடக் கூடாது என்று நர்ஸ் அம்மா சொன்னார். காலுக்கு அடியில் ஒரு மணைக்கட்டை. முழங்கால் உயர்ந்தால்தான் சுலபமாக இறங்கும். கீரை, கேப்பைக் கூழ், ராத்திரி ஒரு நாட்டுப்பழம். பெரும்பாலும் அந்த நேரத்திலேயே முடிந்துவிடுகிறது. நாற்காலி அண்ணாச்சி கடையில் வாங்கியதுதான். கம்பி தரமாக இருக்கிறது. அடியில் வருகிற வாளிதான் மட்டம், மூன்று மாதத்தில் கைப்பிடி கழன்றது. இப்போது வீட்டு வாளிதான் ஓடுகிறது.

தோலைப் பற்றி இரண்டு வார்த்தை. பவுடர் போடாதீர்கள், ஈரத்தில் கட்டிதட்டி உரசும். வெறும் தண்ணீரில் கழுவி, துண்டால் ஒத்தி எடுத்து, ஜிங்க் ஆக்சைடு கிரீம் மெல்லிசாக ஒரு பூச்சு. அப்பிவிட்டால் டயாப்பர் ஈரத்தை இழுக்காது. சிவந்த இடத்தைச் சுற்றிப் புள்ளி புள்ளியாக வந்தால் அது பூஞ்சை, டாக்டர்தான் பார்க்க வேண்டும். மத்தியானம் ஒரு மணி நேரம் டயாப்பர் இல்லாமல் அண்டர்பேடு (ஈரம் குடிக்கிற படுக்கை விரிப்பு) மேல் காற்றாடப் படுக்க வைப்போம், மேலே ஒரு சாரம் மூடி. அண்டர்பேடு அண்ணாச்சி கடையில் ஒரு தடவை கெட்டியாக இருக்கும், ஒரு தடவை அப்பளம் மாதிரி இருக்கும், அதில் எனக்கு அவர்மேல் கோபம் உண்டு. அதனால் பழைய சாரத்தை நாலு மடிப்பாக வைத்து, அடியில் ரப்பர் ஷீட் சேர்த்து நானே ஆறு தைத்துவிட்டேன். துவைத்துத் துவைத்துப் போடுகிறோம்.

குப்பைதான் இன்னும் எனக்கு உறுத்தல். ஒரு தரம் கொல்லையில் கொளுத்திப் பார்த்தேன். எரியவில்லை, கறுப்புப் புகைதான் வந்தது. பக்கத்து வீட்டு மதினி சுவருக்கு மேலே எட்டிப் பார்த்து ஒரு வார்த்தை சொன்னாள், நியாயமான வார்த்தைதான். பாளையங்கால்வாயில் போட்டுவிடுகிற ஆட்களும் இருக்கிறார்கள், பாலத்தில் நின்றால் ஊதிப்போய் மிதப்பது தெரியும். மலத்தைக் கக்கூஸில் தட்டிவிட்டு, சுருட்டி டேப்பாலேயே ஒட்டி, செய்தித்தாளில் சுற்றி, தனிப் பையில் போட்டு மாநகராட்சி வண்டியில் வருகிற அம்மாவிடம் இன்னது என்று சொல்லியே கொடுக்கிறேன். அங்கிருந்து ராமையன்பட்டிக் குப்பைக் கிடங்குக்குத்தான் போகும். அவர்கள் கையால் பிரிக்கக் கூடாது, அதற்காகத்தான் தனிப் பை.

விலை கொஞ்சம் இறங்கியிருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் டயாப்பருக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்தில் இருந்து 5 ஆகிவிட்டது. பெண்கள் போராடியதால் சானிட்டரி நாப்கினுக்கு 2018-லேயே வரியை எடுத்தார்கள். வயசானவர்கள் ஊர்வலம் போக மாட்டார்கள் அல்லவா, அதனால் 5 நிற்கிறது.

இதை எழுதும்போது என்னைப் பற்றியும் எழுதாமல் விட்டால் சரியாக இருக்காது. இரண்டு பிள்ளை பெற்றவள். தும்மினால், குனிந்து மெஷினைத் தூக்கினால் எனக்கும் கசியும். பத்து வருடமாக நாப்கின் வைத்துச் சமாளித்தேன். அது ரத்தத்துக்குச் செய்தது, மூத்திரம் வருகிற வேகத்துக்கு அது ஈடுகொடுக்காது. நர்ஸ் அம்மாவிடம்தான் முதன்முதலாகச் சொன்னேன். அவர் ஒரு பயிற்சி சொல்லிக் கொடுத்தார். மூத்திரத்தை அடக்குகிற மாதிரி கீழ்த் தசையை இறுக்கி, ஐந்து எண்ணி, விட வேண்டும். பத்துத் தடவை, மூன்று வேளை. மூச்சை அடக்கக் கூடாது, வயிற்றை இறுக்கக் கூடாது. மெஷினில் உட்கார்ந்துகொண்டே செய்கிறேன், யாருக்கும் தெரியாது. இரண்டு மாதம் ஒன்றும் தெரியவில்லை. நாலாவது மாதம் ஒரு தும்மலுக்குப் பிறகுதான், அட, நனையவில்லையே என்று தோன்றியது.

கடைக்கு வருகிறேன். அண்ணாச்சியிடம் அட்டை, ஜிபே எதுவும் கிடையாது, ரொக்கம்தான். ஞாயிறு லீவு. வாசலில் மூன்று படி, பிடி கிடையாது. சக்கர நாற்காலி விற்கிற கடைக்குள் சக்கர நாற்காலி ஏற முடியாது. இதை அவரிடமே சொன்னேன், "படியில்லாமக் கட்ட வீட்டு ஓனரு விடமாட்டேங்காரும்மா" என்றார். பிரிக்காத பாக்கெட்டை அளவு சரியில்லை என்றால் மாற்றித் தருவார், பில் வேண்டும். சாயங்காலம் ஐந்து மணிக்கு மேல் ஆஸ்பத்திரிக் கூட்டம் வந்துவிடும், நின்று பேச நேரம் இருக்காது. காலை பத்தரைக்குப் போனால் நிதானமாகச் சொல்வார். போகும்போது இடுப்பு இஞ்சை ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள். குலவணிகர்புரம் பக்கம் இருந்து வருகிறவர்கள் ரயில்வே கேட்டுக்கு கால் மணி நேரம் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.